சண்டை போடாத வருஷம்

எனக்கும் என் அம்மாவுக்கும் ஒத்துப்போன விஷயம் ஒன்றைச் சொல் என்றால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். மீன் குழம்புக்கு எவ்வளவு புளி என்பதில் ஒத்துப்போனதில்லை. நான் முடியைக் கத்தரித்துக்கொண்டதில் ஒத்துப்போனதில்லை. லாலாகுடா பக்கத்தை விட்டுவிட்டுக் கொண்டாப்பூரில் அடுக்குமாடி வீடு வாங்கினேனே, அதில் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. காக்காய்கூட ஏறி உட்கார யோசிக்கிற உயரத்தில் மனுஷி குடியிருப்பாளா என்பது அவள் கட்சி. பக்கத்து வீட்டில் தாளிக்கிற நெடியில் நாம் தும்முகிற இடத்தில் குடியிருப்பாளா என்பது என் கட்சி.

என் பெயர் ஷோபா. ஒரு ஐ.டி. கம்பெனியில் அட்மின் மானேஜர். லிஃப்ட் நின்றால் கத்துவது, ஏசி ஒழுகினால் கத்துவது, கேண்டீன்காரர் நேற்றைய சட்னியை இன்றைக்கு வைத்தால் கத்துவது, இதுதான் என் உத்தியோகம். இந்த வாய் எனக்கு அம்மா வீட்டுச் சீர். அம்மா ஆரோக்கியமேரி கையில் மைக் இல்லாமலே ஒரு தெருவுக்குச் செய்தி வாசிப்பாள். அப்பா தேவசகாயம் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். பகலெல்லாம் சம்மட்டிச் சத்தத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் நாங்கள் இரண்டு பேர். பாவம், அந்த மனிதர் எதற்கும் வாய் திறந்ததில்லை. ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மெட்டுகுடாவில் ஒரு சின்ன வீடு வாங்கினார். அவர் போன பிறகும் அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறாள், தனியாக. என்னோடு வா என்றால் வரமாட்டாள். அதற்கும் ஒரு சண்டை உண்டு.

இப்படிப்பட்ட நாங்கள் முழுசாக ஒரு வருஷம் சண்டை போடவில்லை. சொன்னால் எங்களைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். அதற்குக் காரணம் ஹவுஸி.

லாலாகுடா ரயில்வே காலனியில் ஒரு காலத்தில் குடியிருந்தவர்கள் எல்லாரும் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹாலில் கூடுவோம். தமிழர்கள், தெலுங்கர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், உருது பேசுகிறவர்கள், எல்லாரும் உண்டு. பிரியாணி உண்டு. பிரியாணிக்கு முன்னால் ஹவுஸி உண்டு. ஹவுஸி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொருவர் கையிலும் எண்கள் அச்சடித்த ஒரு சீட்டு இருக்கும். மேடையில் ஒருவர் பைக்குள் கைவிட்டு ஒரு மரக்காயை எடுத்து, அதில் எழுதியிருக்கிற எண்ணைக் கூவுவார். கூவிய காயைப் பலகையில் அதற்குரிய குழியில் வைத்துவிட வேண்டும். உங்கள் சீட்டில் அந்த எண் இருந்தால் அடித்துக்கொள்ளலாம். சீட்டு முழுவதையும் முதலில் அடித்தவர் "ஹவுஸ்" என்று கத்தினால் பெரிய பரிசு. அடிக்கக் கூடாததை அடித்துவிட்டுக் கத்தினால் "போகி" என்பார்கள். சபை மொத்தமும் ஊளையிடும், சீட்டைக் கிழித்துப் போடவேண்டும், அவ்வளவுதான்.

நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து மேடையில் நின்று கூவுவது அம்மா. வெறும் எண்ணை அவள் சொன்னதே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் வைத்திருப்பாள். "எட்டு, சார்மினார் போற பஸ்ஸு, உள்ள இடமில்ல." "தொண்ணூறு, தாத்தாவுக்கு இன்னும் பொண்ணு பாக்கறாங்க." ஐம்பத்தெட்டு வந்தால் சபை முழுக்க அவளோடு சேர்ந்து கூவும். "அம்பத்தெட்டு, ஆம்பள வீட்டுக்கு வந்தான், பொம்பள நிம்மதி போச்சு." அப்போதெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் ஐம்பத்தெட்டில் ரிட்டையர்மெண்ட். அப்புறம் சர்க்கார் அதை அறுபதாக்கியது. அம்மா மாற்றவில்லை.

போன வருஷம் அவள் ஒரு தப்புச் செய்தாள். காயை எடுத்துக் கூவிவிட்டு, பலகையில் வைப்பதற்குப் பதிலாகத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுவிட்டாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏற்கெனவே வந்த எண் இன்னொரு தடவை வந்தது. அதே சமயம் யாரோ ஹவுஸ் என்று கத்த, சீட்டைச் சரிபார்த்தால் அவர் அடித்த எண்ணில் மூன்று பலகையில் இல்லை. ஆட்டமே குட்டிச்சுவராகிவிட்டது.

பழைய நாளாக இருந்தால் ஊளையில் கூரை பறந்திருக்கும். கூவுகிறவர் தப்புச் செய்வதைப் போல எங்கள் ஜனங்களுக்கு இனிப்பான விஷயம் கிடையாது. அன்றைக்கு ஒருவரும் ஊளையிடவில்லை. சங்கச் செயலாளர் முரளி மெல்ல மேடை ஏறி வந்து, இதெல்லாம் சகஜம் ஆன்ட்டி என்று சொல்லி, கை தட்டினான். உடனே எல்லாரும் தட்டினார்கள். ரொம்ப நேரம் தட்டினார்கள். அம்மா பையை மேஜைமேல் வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு வயது ஏறுகிறது என்பது எனக்குத் தெரியும். அம்மா கிழவியாகிவிட்டாள் என்பது அதுவரை தெரியாது. அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள், அவர்களோடு சேர்ந்து நானும் பார்த்தேன். இனி இவளை ஒருவரும் இப்படிப் பாவமாகப் பார்க்கும்படி விடக்கூடாது, என்னால் இவள் மனம் ஒரு சொட்டுக்கூட நோகக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன். மஸ்கட்டில் இருக்கிற என் தம்பி பாபு அந்த வாரம் ஒரு வீடியோ அனுப்பினான். டை கட்டிய டாக்டர் ஒருவர், வயதானவர்களை எதிர்த்துப் பேசாதீர்கள், திருத்தாதீர்கள், ஒத்துப்போங்கள் என்று சொன்னார். பாபு அனுப்பிய வீடியோக்களில் நான் முழுசாகப் பார்த்தது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை தோறும் ஹைடெக் சிட்டியில் மெட்ரோ ஏறி மெட்டுகுடாவில் இறங்குவேன். ஸ்டேஷன் படி இறங்கும்போதே மனசுக்குள் சொல்லிக்கொள்வேன், ஷோபா, வாயை மூடிக்கொள்.

முதல் வாரமே சோதனை. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தாள். கடல் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றியிருந்தால்கூட இன்னும் கொஞ்சம் பதமாக இருந்திருக்கும். சூப்பர் என்று சொல்லி, இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு அவள் உட்கார்ந்து ஒரு வாய் போட்டாள். போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தாள், என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

இன்னொரு வாரம் என் முடியைப் பற்றி ஆரம்பித்தாள். ஆம்பளைப் பையன் மாதிரி இருக்கிறது, பின்னாலிருந்து பார்த்தால் பாபு வந்திருக்கிறான் என்றே நினைத்தேன் என்றாள். ஆமாம்மா, வளர்த்துடறேன் என்றேன். அவள் எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

ஈஸ்டருக்கு என் வீட்டுக்காரரையும் அழைத்துப் போயிருந்தேன். அவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே, உன் புருஷனுக்குச் சாமர்த்தியம் பத்தாதுடி, இத்தனை வருஷமா அதே நாற்காலியைத் தேய்க்கிறான் என்றாள். என்னைப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து இந்த ஒரு பேச்சுக்கு மட்டும் நான் பத்ரகாளியாவது வழக்கம். அன்றைக்கு ஆமாம்மா என்றேன். அவர் கையில் இருந்த கறித்துண்டு தட்டிலேயே விழுந்தது. வரும் வழியில் மெட்ரோவில் அவர் என்னோடு பேசவில்லை.

பக்கத்து வீட்டு ஃபாத்திமாவும் ஒரு நாள் கேட்டுவிட்டாள். அவளும் காலனிக்காரி, அம்மாவின் சிநேகிதி, தமிழும் உருதுவும் கலந்துதான் பேசுவாள். "கைக்கு பேட்டி, ஏன் மகளே, இவ்ளோ அமைதி? உங்க ரெண்டு பேர் சத்தம் கேட்டாத்தான் எனக்கு சனிக்கிழமைன்னு தெரியும். இப்ப காலண்டர் பாக்க வேண்டியிருக்கு." அம்மாவுக்கு வயசாகுது இல்லையா ஆன்ட்டி என்று நான் சொன்னேன். அம்மா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். உள்ளே போய்விட்டாள்.

எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாகத்தான் இருந்தது. சுலபமான காரியமா? விழுங்கின பேச்செல்லாம் உள்ளேயே புளித்துக்கொண்டு கிடந்தது. திங்கட்கிழமையானால் கேண்டீன்காரர் என்னைக் கண்டு ஓடினார். ஆனாலும் அம்மாவிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. பொண்ணு என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

டிசம்பர் வந்தது. மறுபடியும் மேடை ஏறுவாள், மறுபடியும் தப்புச் செய்வாள், மறுபடியும் அந்தக் கைதட்டல். முரளிக்குப் போன் செய்தேன். அவனுக்கும் அதே கவலை என்று எடுத்த எடுப்பிலேயே தெரிந்தது. இப்போது மொபைலிலேயே ஆப் இருக்கிறது அக்கா, அதுவே எண்ணைச் சொல்லும், தப்பே வராது என்றான். கமிட்டி முடிவு என்று சொல்லிவிடலாம், யார் மனசும் நோகாது என்று இரண்டு பேருமாகத் தீர்மானித்தோம்.

சனிக்கிழமை போனபோது அம்மா நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துவைத்ததையெல்லாம் ஒப்பித்தேன். பசங்க ஆசைப்படுகிறார்கள், கமிட்டி முடிவு, இந்த வருஷம் மொபைல்தான் கூவும், உனக்கும் அவ்வளவு நேரம் நிற்கிற வேலை மிச்சம். அம்மா கேட்டுக்கொண்டே இன்னும் இரண்டு தலையைக் கிள்ளினாள். அழுவாளோ என்று நான் முந்தானையைத் தயாராக வைத்திருந்தேன்.

நல்லதாகப் போயிற்று என்றாள். தானே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தாளாம். இத்தனை வருஷமும் கூவிக் கூவி, ஒரு தடவையாவது ஒரு சீட்டு வாங்கி ஆடினாளா? கூவுகிறவர் ஆடக்கூடாது என்பது சட்டம். எத்தனை டிஃபன் கேரியர், எத்தனை ஹாட் பாக்ஸ், கண் முன்னாலேயே கண்டவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். இந்த வருஷம் அவள் ஆடப்போகிறாள்.

எனக்கு உயிர் வந்தது. அப்படியே எழுந்திருந்தால் தப்பித்திருப்பேன். "ஆனா மிஷின் நக்கோ, வேண்டாம்" என்றாள் அம்மா. "போன் கத்தறதை உக்காந்து யாரு கேக்கறது? நீ மேடை ஏறிக் கூப்பிடு."

கருவாட்டுக் கையைத் துடைத்துவிட்டு அங்கேயே முரளியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். ஷோபா கூவுவாள், மிஷினைப் பெட்டியில் வை என்றாள். சரிங்க ஆன்ட்டி என்றான் முரளி. கமிட்டியில் கேட்கவேண்டாமா என்று அம்மாவே கேட்டாள். வேண்டாம் ஆன்ட்டி, நீங்க சொன்னா சரிதான் என்றான். அம்மா போனை வைத்துவிட்டு, இவனும் சரிங்கறான் என்று முணுமுணுத்தாள். அவளுக்கு அதில் ஏன் கோபம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நானும் சரிம்மா என்றேன். எதிர்த்துப் பேசக்கூடாது என்பதுதானே என் விரதம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹால் நிரம்பியிருந்தது. தார்நாகா, மல்காஜ்கிரி, அல்வால், எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். மெல்போர்னிலிருந்துகூட ஒரு குடும்பம். மேடைமேல் எவர்சில்வர் சாமான்கள் பளபளத்தன. ஃபுல் ஹவுஸுக்கு ஒரு பெரிய டின்னர் செட். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆபீஸில் நானூறு பேரைத் தீயணைப்புப் பயிற்சிக்கு விரட்டுகிற எனக்கு முழங்கால் நடுங்கியது.

முதல் சில எண்களை எண்ணாகவே வாசித்தேன். இது என்ன ஸ்டேஷன் அனௌன்ஸ்மென்ட்டா, எந்த பிளாட்ஃபாரம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அப்பாவோடு வேலை பார்த்த ஜம்புநாதன் மாமா. ரோஷம் வந்துவிட்டது எனக்கு. அடுத்த காயை எடுத்தேன். "முப்பத்தாறு, கொண்டாப்பூர் டிராஃபிக், ஹாரன் அடிச்சாலும் நகராது." சிரித்தார்கள். "எழுபத்து மூணு, லிஃப்ட்டு ரிப்பேர், படியேறி வா." இன்னும் சிரித்தார்கள். அதற்கப்புறம் எனக்கு முழங்கால் ஞாபகமே வரவில்லை.

அம்மா முதல் வரிசையில் ஃபாத்திமாவோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பழைய காலண்டர் அட்டை, அதன்மேல் சீட்டு, கையில் பென்சில். அவளை ஆளாளுக்குத் தாங்கினார்கள். ஒருத்தி முதுகுக்குத் தலையணை கொண்டுவந்து வைத்தாள். இன்னொருத்தி டீ கொண்டுவந்து, சூடா இருக்கு, ஊதிக் குடிங்க ஆன்ட்டி என்றாள். மெல்போர்ன்காரி பக்கத்தில் குந்தி, உங்களுக்காக நான் அடித்துத் தரட்டுமா என்று கேட்டாள். நக்கோ என்று அம்மா சொன்னது மேடைவரை கேட்டது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். தட்டத் தட்ட அவள் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

முதல் ஐந்து எண்ணுக்கு உண்டான பரிசு போயிற்று. மேல்வரிசை, நடுவரிசை, கீழ்வரிசை எல்லாம் போயிற்று. ஃபுல் ஹவுஸ் மட்டும் பாக்கி. அறுபத்தொன்றைக் கூவினேன். அதற்கப்புறம் இன்னும் சில காய்கள். அப்போது அம்மா எழுந்து நின்று, சீட்டைத் தலைக்குமேல் தூக்கி, "ஹவுஸ்" என்று கத்தினாள்.

சபைக்கு என்ன சந்தோஷம். மேரி ஆன்ட்டிக்கு ஹவுஸ், மேரி ஆன்ட்டிக்கு ஹவுஸ் என்று பரவியது. முரளி ஓடிப்போய்ச் சீட்டை வாங்கிக்கொண்டு மேடைக்கு வந்தான். நானும் அவனும் பலகையோடு வைத்துப் பார்த்தோம். எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. அவள் சீட்டில் அறுபத்தொன்று கிடையாது. கண்ணுக்கு ஒன்றும் ஏழும் குழம்பி, அதற்குப் பதிலாக அறுபத்தேழை அடித்திருந்தாள். அறுபத்தேழு இன்னும் பைக்குள் இருந்தது.

முரளி என் காதுக்கிட்டே குனிந்தான். "விட்டுடலாம் அக்கா. யாருக்குத் தெரியப்போவுது. பெரியவங்க, ஆசைப்பட்டுட்டாங்க." சொல்லிக்கொண்டே டின்னர் செட்டைத் தூக்கப் போனான். ஹாலில் கைகள் தட்டுவதற்குத் தயாராக உயர்ந்திருந்தன. சிலருக்குச் சீட்டு தப்பு என்பது எங்கள் முகத்திலிருந்தே தெரிந்துவிட்டது. அவர்கள் இன்னும் இனிப்பாகச் சிரித்தார்கள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். ஜெயித்த முகமாக இல்லை. உயர்ந்த கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போன வருஷம் பையை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலைப்பைச் சரிசெய்தபோது இருந்த அதே முகம். எனக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முரளிமேல் கோபம், அந்தக் கைகள்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக ஆமாம்மா ஆமாம்மா என்று தலையாட்டிய இந்த ஷோபாமேல் கோபம்.

"போகி" என்றேன் மைக்கில்.

முரளி டின்னர் செட்டோடு அப்படியே நின்றான்.

"என்னடி போகி?" என்றாள் அம்மா.

"அறுபத்தேழு நான் கூப்பிடலை."

"கூப்பிட்டே. என் காதால கேட்டேன்."

"நீ தப்பா அடிச்சிருக்கே. வந்து பலகையைப் பாரு."

"பலகையை என்ன பாக்கறது? காயை நீ எங்கயாச்சும் போட்டிருப்பே. எதை எங்க வெக்கணும்னு உனக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு?"

"அது நான் இல்லைம்மா, நீ. போன வருஷம் காயைத் திரும்பப் பைக்குள்ள போட்டது நீ."

வாயிலிருந்து வந்துவிட்டது. ஒரு வருஷமாக ஒருவரும் சொல்லாததை, சொல்லக்கூடாது என்று நான் மூடி மூடி வைத்ததை, மைக் வைத்து ஊருக்கே சொல்லிவிட்டேன். முரளி பதறிப்போய் மைக் சுவிட்சைத் தேடினான். ஃபாத்திமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா நீளமாக ஒரு மூச்சை விட்டாள்.

"அப்பாடா" என்றாள். "இதை ஒருத்தர் வாயால கேக்க ஒரு வருஷம் ஆச்சு."

சபையின் பக்கம் திரும்பினாள். அவளுக்குத்தான் மைக் தேவையில்லையே. போன வருஷம் ஆட்டத்தையே கெடுத்தேன், இத்தனை பேரில் ஒருவருக்கு ஊளையிட வாயில்லையா, தப்புக்கு யாராவது கை தட்டுவார்களா என்று கேட்டாள். ஜம்புநாதனைப் பேர் சொல்லிக் கேட்டாள், உனக்கு என்ன வாயில் கொழுக்கட்டையா என்று. தலையணை வைத்தவளுக்கு, டீயை ஊதிக் குடிக்கச் சொன்னவளுக்கு, ஒவ்வொருத்திக்கும் பங்கு கிடைத்தது. கடைசியில் என்னிடம் வந்தாள்.

"நீயும்தான்டி. உன் முடியைச் சொன்னேன், உன் புருஷனைச் சொன்னேன், எதுக்கும் ஆமாம்மா. செத்தவங்களைத்தான் யாரும் திட்ட மாட்டாங்க. நான் இன்னும் சாகலை."

அது எங்கே போய்த் தைத்தது என்று எனக்குத்தான் தெரியும். கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் மனம் நோகக்கூடாது என்று நான் கட்டிக் காத்த ஒரு வருஷமும் அவளுக்கு நோயாளி வார்டாக இருந்திருக்கிறது. ஆனால் எல்லார் முன்னாலும் அழுதால் மறுபடியும் பாவமாகத்தான் முடியும். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுப்பில் கை வைத்தேன்.

"சரி, திட்டறேன். உன் குழம்பு வாயில வெக்க முடியலை. என் முடி, நான் வெட்டுவேன். அவருக்குச் சாமர்த்தியம் போதும். இப்ப நீ அடிச்ச சீட்டு போகி. டின்னர் செட் கிடையாது. உக்காரு."

அப்புறம் பின்வரிசையில் ஜம்புநாதன் மாமா இரண்டு கையையும் வாயருகே குவித்து, பழைய நாள் ஊளை ஒன்றை எடுத்துவிட்டார். மேரி, டிக்கெட்டைக் கிழி என்றார். அதோடு பிடித்துக்கொண்டது. வரிசை வரிசையாக ஊளை. மேஜையைத் தட்டினார்கள், விசில் அடித்தார்கள். தலையணைக்காரிகூட ஊளையிட்டாள். அம்மா அவர்களை நின்று ஒரு முறை முறைத்துவிட்டு, முரளியிடமிருந்து சீட்டைப் பிடுங்கிச் சுக்கு நூறாகக் கிழித்து என்மேல் வீசினாள். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஆட்டம் தொடர்ந்தது. ஃபுல் ஹவுஸ் ஃபாத்திமாவுக்குப் போயிற்று. அம்மா அவளோடும் சண்டை போட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்து என் அதிர்ஷ்டத்தை உறிஞ்சிவிட்டாய் என்றாள். ஹவ், ஆமா, அதுக்குத்தான் உக்காந்தேன் என்று ஃபாத்திமா டின்னர் செட்டை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிரியாணி சாப்பிடும்போது நாலு பேர் அம்மாவிடம் வந்து போன வருஷக் கணக்கையெல்லாம் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரிடமும் அவள் திருப்பிக் கொடுத்தாள். மெல்போர்ன்காரி மட்டும் பயந்துபோய்த் தூரமாக உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் மெட்டுகுடா மெயின் ரோட்டைத் தாண்டவேண்டும். மேலே மெட்ரோ போகிறது, கீழே பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வருகின்றன. எப்போதும் நான் கையைப் பிடிப்பேன், அவள் உதறிவிடுவாள். அன்றைக்கு அவளாகவே என் முழங்கைக்குள் கையை நுழைத்துக்கொண்டாள். கையில் கனமே இல்லை. இந்தக் கைதான் என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டு வந்த கை. இன்னும் வயதாகும். இன்னும் நிறைய மறப்பாள். ஒரு நாள் என்னையே யார் என்று கேட்டாலும் கேட்பாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பாதி ரோட்டில் அம்மா ஆரம்பித்தாள். நீ ரொம்ப வேகமாகக் கூவினாய், அதனால்தான் தப்பாக அடித்தேன் என்றாள்.

"வேகமெல்லாம் இல்லை, உனக்கு..." என்று தொடங்கியவள், ஒரு வருஷப் பழக்கத்தில் மீதியை விழுங்கிவிட்டேன்.

அவள் நடு ரோட்டில் நின்றுவிட்டாள். ஒரு ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு தெலுங்கில் ஏதோ சொன்னான். அவள் அசையவில்லை.

"என்ன முழுங்கறே? சொல்லு."

"உனக்குக் கண்ணு தெரியலைம்மா. வர்ற சனிக்கிழமை கண் டாக்டர்கிட்ட போறோம்."

"நக்கோ. நான் வரமாட்டேன்."

"வருவே. தூக்கிட்டுப் போவேன்."

"தூக்குவியா? முதல்ல அந்தப் பையைப் பிடிச்சு நிக்கக் கத்துக்கோ, மேடையில முழங்கால் ஆடுச்சு உனக்கு, நான் பாத்தேன்."

எனக்கு முழங்கால் ஆடவில்லை என்று நான் சொன்னேன். ஆடியது என்று அவள் சொன்னாள். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்து சேர்ந்தாள், பிடியை விடவில்லை. வீட்டு வாசலில் நின்று சாவியைத் தேடும்போதும் நாங்கள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.